மாமியார் கட்டிய பட்டுக்கொடி

வாளித் தண்ணீர் பச்சையாக மாறியதைப் பார்த்ததும் ஞானதாஸ் அவசரமாகக் கையை விட்டுத் துழாவினார். குருவிக் கூண்டிலிருந்து கழற்றிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அவர் ஊறப்போட்ட பட்டுக்கொடியில் இலைகள் வெளுத்துவிட்டன. வெள்ளைப் பூக்கள் பன்னிரண்டும் இலை நிறத்துக்கு வந்திருந்தன.

"ஏசுவே!" என்றார். கூண்டுக்குள் நான்கு தினைக்குருவிகள் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அவரையே பார்த்தன.

இது சாதாரணக் கொடி இல்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, ஞானதாஸின் மாமியார் மர்சலின் அம்மாள் பெட்டி படுக்கையையெல்லாம் மருமகனிடம் தள்ளிவிட்டு, குருவிக் கூண்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு திருச்சிக்கு ரயில் ஏறினார். போன இடத்தில் குருவிகள் இரை எடுக்கவில்லை. சாந்தோம் வீட்டு மல்லிகைக் கொடிக்குள் தொங்கிப் பழகிய கூண்டு அது. மர்சலின் அம்மாள் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் வெள்ளைக் கல்யாணப் பட்டை எடுத்துக் கிழித்தார். பாதிக்குப் பச்சைச் சாயம் தோய்த்து, கம்பியில் சுற்றி, இலையும் பூவுமாக ஒரு கொடி கட்டிக் கூண்டுக்குள் விட்டார். அன்று சாயங்காலமே குருவிகள் தினை கொத்தின.

ஊர் திரும்பிய மறுவருஷம் அவர் போய்விட்டார். கொடி இருந்தது. ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஞானதாஸ் கூண்டருகே ஒரு நிமிஷம் நிற்பார். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவருக்கு மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்த மாமியாரின் கை கட்டியது அது. அவர் மனைவி வெரோனிகாவும் நிற்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அந்தக் காலத்துச் சாந்தோமில் புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் இருந்தார்கள். கடற்காற்று மட்டும் இஷ்டத்துக்கு உள்ளே வந்து பேசிக்கொண்டிருக்கும்.

வெரோனிகா பரங்கிமலையில் தங்கை வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். போகும்போது, "கொடியில எச்சம் இருந்தா கோழி இறகால தட்டி விடுங்க, போதும். தண்ணி மட்டும் காட்டிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஞானதாஸும் இரண்டு தடவை தலையாட்டினார். ஆனால் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பளிச்சென்று கழுவி வைத்தால் சாயங்காலம் வந்து பார்த்துப் பூரித்துப்போவாளே என்று நினைத்தார். அந்த ஆசைதான் அவரைக் கெடுத்தது.

முதலில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். பச்சை போய்ப் பூக்கள் மஞ்சளாயின.

அழுக்கெடுக்க வந்த வண்ணான் பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், பொன்னாங்கண்ணியா அலசிக்கினு கீறீங்க?"

"கீரை இல்லப்பா! பட்டு. வெள்ளையா இருந்தது, மஞ்சளாயிடுச்சு."

"இதுக்கா முழிக்கிறீங்க? நீலம் போட்டா மல்லிப்பூ மாதிரி வரும்."

நீலம் போட்டார்கள். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பூக்கள் தபாலாபீஸ் மைக்கூடு மாதிரி ஆயின.

"கஞ்சி போட்டுத் தேச்சா எடுப்பாயிரும், பாருங்க" என்றான் பஞ்சாட்சரம், சற்றுச் சுருதி இறங்கி.

கஞ்சி போட்டார்கள். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்த்தார்கள். நாலு இலை பெட்டியோடு போயிற்று. மிச்சத்தைக் கூண்டுக்குள் தொங்கவிட்டதும் குருவிகள் கஞ்சி வாசனைக்கு ஓடி வந்து, விருந்து என்று நினைத்து, பூக்களை நூல் நூலாகப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தன.

"எடுங்க சார், எடுங்க!" என்று பஞ்சாட்சரமே பதறினான்.

ஞானதாஸ் கையில் இப்போது இருந்தது ஒரு கம்பியும் கொஞ்சம் நீலக் கந்தலும். நாற்பது வயது மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வெரோனிகாவோட அம்மா கையால செஞ்சது பஞ்சாட்சரம். வேற ஒண்ணும் மிச்சமில்ல அவளுக்கு."

பஞ்சாட்சரத்துக்குக் கஷ்டமாகிவிட்டது. "ராயப்பேட்டையில அமீனா பீன்னு ஒருத்தங்க பட்டுப்பூ கட்டுவாங்க, சார். அவங்களால ஆவாதது ஒண்ணும் கெடயாது. ஓடுங்க."

லஸ் முனைக்கு ஓடி டிராம் பிடித்தார். அன்றைக்கென்று பார்த்து அது ஊர்வலம் மாதிரி போயிற்று.

அமீனா பீ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கந்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் முனையில் போட்டிருந்த முடிச்சை ஒரு தடவை தடவினார். அப்புறம் ஞானதாஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாய்ம்மா, இதே மாதிரி ஒண்ணு வேணும். சாயங்காலத்துக்குள்ள. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடும்" என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கைக்குட்டையைத் தேடினார்.

"அழாதே தம்பி. இலையும் பூவும் தயாராத்தான் கீது. கட்டவேண்டியதுதான்."

அளவுகூட எடுக்காமல் அமீனா பீ கட்டினார். பன்னிரண்டு பூ என்று ஞானதாஸ் சொல்லவேயில்லை, பன்னிரண்டுதான் வந்தது. என்ன கைப்பழக்கம் என்று அவர் அசந்துபோனார்.

"கூண்டுல மாட்ட உனக்குத் தெரியாது, நானே வர்றேன்" என்று கிழவி புர்க்காவை மாட்டிக்கொண்டு கூடவே புறப்பட்டார்.

மூன்று மணிக்கு அமீனா பீ கூண்டுக்குள் கைவிட்டுக் கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். குருவிகள் ஒவ்வொன்றாய் வந்து கொடியில் உட்கார்ந்தன. ஞானதாஸுக்கு மாமியாரே திரும்பி வந்தது போலிருந்தது, கண் கலங்கியது. அப்போது வாசலில் ரிக்ஷா மணி கேட்டது. ஆறு மணிக்கு வரவேண்டிய வெரோனிகா படியேறிக்கொண்டிருந்தாள்.

"இவங்க... இவங்க வந்து... தினை விக்கிறவங்க!" என்றார் ஞானதாஸ்.

வெரோனிகா அமீனா பீயைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த பலகாரப் பை நழுவியது.

தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டாள் என்று ஞானதாஸ் நினைத்தார்.

"ஓ... தினையா?" என்றாள் வெரோனிகா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நல்லதாப் போச்சு. எனக்கு... எனக்கு இவங்களைத் தெரியாது."

"தெரியுமான்னு நான் கேக்கவே இல்லையே" என்றார் ஞானதாஸ்.

அமீனா பீ கூண்டுக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல ஊடுப்பா இது! போன வருசம் இந்தம்மா தண்ணியில ஊறப்போட்ட கந்தலைத் தூக்கிக்கினு வந்து, 'எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடும்'னு அழுதுச்சு. இன்னிக்கு நான் கட்டிக் குடுத்ததையே தூக்கிக்கினு நீ வந்து அழுவுறே... அடுத்த தபா ரெண்டு பேரும் சேந்து வந்து அழுங்க!"