பதினேழு வயது ஸ்கூட்டரும் ஒரு பிடி உப்பும்

தீயை அணைக்கும். அதையே இரண்டாகப் பிரித்தால் ஒன்று எரியும். இன்னொன்று எரிய உதவும். அது என்ன?

தண்ணீர் என்று சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். ஆம்பூர் கோதண்டபாணியும் அப்படித்தான் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவரும் கெட்டிக்காரராகவே இருந்திருப்பார்.

கோதண்டபாணி ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர். கம்பெனியில் நாற்பது பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். வீட்டில் இரண்டே பேர். இருவரும் கேட்க மாட்டார்கள். வாசலில் நின்ற பதினேழு வயது ஸ்கூட்டர் மட்டும் கேட்கும். அதுவும் நாலாவது உதைக்குப் பிறகு.

அந்த ஸ்கூட்டருக்குத்தான் மனைவி ஹேமலதா நாள் குறித்துவிட்டாள்.

"திங்கக்கிழமை இதை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு பேட்டரி வண்டி எடுக்கறோம். பேசி முடிச்சாச்சு."

"யார்கிட்ட பேசின?"

"கடைக்காரர்கிட்ட."

"என்கிட்ட?"

"இப்ப பேசிக்கினுதானே இருக்கேன்."

கோதண்டபாணி எழுந்து நின்றார். ஸ்கூட்டரின் சீட்டில் கை வைத்தார்.

"ஹேமா, கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை இந்த வண்டியைத் தண்ணியில ஓட்டிக் காட்றேன். தண்ணியைப் பிரிச்சா ஹைட்ரஜன். வீடியோ எல்லாம் பாத்துட்டேன். பேரணாம்பட்டு உங்க அக்கா வீடு வரைக்கும் ஓட்டிட்டேன்னா, அப்புறம் விக்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"ஓடலன்னா?"

"சாவியை உன் கையில குடுத்துடறேன்."

"சரி" என்றாள் ஹேமலதா.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதற்கே அவர் பயந்திருக்க வேண்டும். அவரோ சந்தோஷப்பட்டார்.

வேலை ஆரம்பமானது. பழைய டார்ச் செல்களை உடைத்து இரண்டு கரிக்குச்சிகளை எடுத்தார். ஊறுகாய் ஜாடியின் மூடியில் ஓட்டை போட்டு அவற்றைச் செருகினார். ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து குச்சிகளுக்கு ஒயர். ஜாடியிலிருந்து என்ஜின் மூச்சிழுக்கும் இடத்துக்கு ஒரு ரப்பர் குழாய். (நீங்கள் செய்து பார்க்காதீர்கள். கோதண்டபாணி செய்ததே ஊருக்குப் போதும்.)

"ஊறுகாயை இன்னாங்க பண்ணீங்க?"

"சொம்புல இருக்கு."

"சொம்பு?"

"ஃப்ரிட்ஜுல இருக்கு. விஞ்ஞானி வீட்டுப் பொம்பளை இப்படியா கேள்வி கேப்பாங்க?"

வெறும் தண்ணீரில் கரண்டு சரியாகப் பாயாது. சமையல் சோடா கொஞ்சம் போடச் சொல்லியிருந்தார்கள் வீடியோவில். வீட்டில் சோடா இல்லை, கல்லுப்பு இருந்தது.

"அப்பா, சோடா வேற, உப்பு வேற" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சௌமியா.

"தோல் பதப்படுத்தவே உப்பு போடற ஊரு இது. தண்ணிக்குப் போடக் கூடாதா?"

ஒரு பிடி அள்ளிப் போட்டார். அவர்கள் வீட்டு போர் தண்ணீர் ஏற்கெனவே பருப்பு வேகாத உப்புத் தண்ணீர். இப்போது ஜாடிக்குள் ஒரு சின்ன வங்காள விரிகுடா. ஸ்விட்சைப் போட்டதும் குச்சிகளைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின.

"ஹைட்ரஜன்!" என்று கத்தினார்.

"மாடி டேங்க் கழுவறப்ப வர்ற நாத்தம் வருதே" என்றாள் ஹேமலதா.

"கண்டுபிடிப்புன்னா அப்படித்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கோதண்டபாணி கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். பக்கத்து வீட்டு ஹயாத் பாஷாவும் அவர் மனைவி குர்ஷித்தும் வழியனுப்ப வந்திருந்தார்கள். ஹேமலதா குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினாள்.

"இன்னா பண்ற நீ?"

"தண்ணியில ஓடற வண்டிக்குப் பெட்ரோல் எதுக்குங்க? அது ஒரு பேஜார்."

பெட்ரோலோடு ஹைட்ரஜனும் சேர்ந்து இழுக்கும் என்பதுதான் அவர் மனதில் போட்டிருந்த கணக்கு. அதை ஹயாத் பாஷா எதிரில் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நாலு உதை விட்டார்.

என்ன ஆச்சரியம், வண்டி கிளம்பியது!

"ஓடுது! பாருங்க, ஓடுது!" என்று தெருமுனை தாண்டும் வரை கத்திக்கொண்டே போனார். பிரியாணிக் கடைக்காரருக்குக் கையசைத்தார்.

டேப்பை மூடினாலும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இரண்டு வாய் பெட்ரோல் மிச்சம் இருக்கும். முதல் வாய் பிரியாணிக் கடை வரை வந்தது. இரண்டாவது வாய் பஸ் ஸ்டாண்டு எதிரில் தீர்ந்தது. ஆம்பூரில் அதைவிடக் கூட்டமான இடம் கிடையாது.

தள்ளிக்கொண்டே திரும்பினார். வழியெல்லாம் ஜாடி குலுங்கிச் சட்டையில் தெறித்தது. வீட்டு வாசலில் தலை குனிந்து சாவியை நீட்டினார்.

ஹேமலதா சாவியைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். கருநீலத்தில் அங்கங்கே வெள்ளைத் தீவுகள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"ஏன், அதையும் எக்ஸ்சேஞ்சுல குடுக்கப் போறியா?"

அவள் சட்டையை முகர்ந்தாள். ஜாடித் தண்ணீரைப் பக்கெட்டில் கொட்டி, மஞ்சள் கறை பிடித்த சமையலறைத் துணியை அதில் முக்கினாள். கால்மணி நேரத்தில் துணி கொக்கு மாதிரி வெளுத்தது.

"உப்புத் தண்ணியில கரண்டு விட்டா குளோரினும் வரும்ப்பா" என்றாள் சௌமியா. "அது தண்ணியோட சேர்ந்துதான் துணியை வெளுக்குது. நான்தான் அப்பவே சொன்னேனே."

குர்ஷித் ஓடிப்போய் ஒரு ஜுப்பாவோடு வந்தாள். "அக்கா, அவரு ஜும்மா தொழுகைக்குப் போடறது. ரெண்டு மாசமா இந்தக் கறை போகவே மாட்டேங்குது."

போனது. ஹயாத் பாஷா கோதண்டபாணியின் முதுகில் தட்டினார். "பெரிய வேலை பண்ணிட்டீங்க தோஸ்த்!" சாயங்காலத்துக்குள் நாலு வீட்டு வெள்ளைத் துணி வாசலில் வந்து குவிந்தது.

"வண்டியை விக்க வேணாங்க" என்றாள் ஹேமலதா.

கோதண்டபாணிக்குக் காதை நம்ப முடியவில்லை. "நிஜமாவா ஹேமா?"

"நிஜமா. பேட்டரி எறங்கிப்போச்சு பாருங்க. ஸ்டாண்டு போட்டு, பெட்ரோல் டேப்பைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. மேல உக்காந்து ரேஸ் குடுத்துக்கினே இருங்க. அப்பதான் சார்ஜ் ஏறும்."

"நாளைக்கு நான் கம்பெனிக்கு எப்படிப் போறது?"

"பஸ்ஸு ஓடுதே."

"அந்தப் பேட்டரி வண்டி?"

"எக்ஸ்சேஞ்ச் இல்லாமயே தர்றாராம். அது எனக்கு. பேசி முடிச்சாச்சு."

தண்ணீரில் ஓட வேண்டிய ஸ்கூட்டர், நின்ற இடத்திலேயே பெட்ரோலைக் குடித்து, தண்ணீரைத் துணி வெளுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்து ரேஸ் கொடுத்த கோதண்டபாணிக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது.

"சௌமியா, நீ சயின்ஸ்ல ஃபர்ஸ்ட் மார்க் எடுக்கற பொண்ணு. நீயே சொல்லு. இந்த ஜாடி அப்பாவோட ஆராய்ச்சிக்கா, அம்மாவோட துணிக்கா?"

ஹேமலதா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். குர்ஷித்தும் திரும்பிப் பார்த்தாள்.

சௌமியா கொஞ்சம் யோசித்தாள். உள்ளே போய், விளையாட்டுப் பீரியடுக்குப் போடும் அழுக்கேறிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இரண்டையும் எடுத்து வந்து பக்கெட்டில் முக்கினாள்.