மேட்டு ரோட்டில் ஒரு மீட்புப் பணி

நடுரோட்டில் ஒரு காரை நிற்க வைப்பது என்று முடிவு செய்தேன். மனைவியின் காரை. அதுவும் மனைவி உள்ளே இருக்கும்போது.

வேறு வழியில்லை. நின்றுபோன கார்களைத் தூக்கி இழுத்துப் போகும் என் டோயிங் வண்டி கையை விட்டுப் போகும் நிலையில் இருந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. துருப்பிடித்த கூடாக வாங்கி, வருடக்கணக்கில் ஞாயிறுகளைக் கொட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, முதுகிலிருக்கும் கிரேனின் பல்சக்கரத்துக்குப் பல்லுக்குப் பல் கிரீஸ் தடவி உயிர் கொடுத்திருந்தேன். உயிர் வந்ததே தவிர, ஷெட்டை விட்டு அது வெளியே வந்ததில்லை. கீறல் விழுந்துவிட்டால்?

மனைவி தையல் வகுப்பு எடுக்கிறாள். மெஷின்கள் எல்லாம் படுக்கையறையில். அவற்றுக்கு நடுவே நான் ஒருக்களித்துப் படுக்கிறேன்.

"அந்த வண்டிக்கு ஷெட்டுல மாமனார் மரியாதை. எனக்கு ஊசி போட இடமில்ல."

"இந்த மாதிரி வண்டி பொறந்த சரித்திரம் தெரியுமா உனக்கு? அந்தக் காலத்துல ஒரு கார் ஓடைக்குள்ள விழுந்துடுச்சு. கயிறு கட்டி இழுத்தவங்க பட்ட பாட்டைப் பார்த்த ஒரு மெக்கானிக், கம்பம், கப்பி, சங்கிலின்னு ஒரு பழைய கார் மேல..."

"அந்த ஓடை நம்ம வீட்லயா இருக்கு? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது அது நமக்கு உதவட்டும். உதவிச்சுன்னா, வகுப்புக்கு ஷெட்டைக் கேக்கவே மாட்டேன். இல்லேன்னா வித்துடுவேன்."

சனிக்கிழமை காலை. அவள் அக்கா வீட்டுக்குப் புறப்பட வேண்டும். குளிக்கப் போன நேரம் பார்த்து, காரிலிருந்து பெட்ரோலை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தேன். மேட்டு ரோடு பாதி தூரம் ஏற மட்டும் விட்டு வைத்தேன். பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டதால் பயமில்லை.

அவள் போனாள். நான் டோயிங் வண்டியில் ஏறி, மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. மேட்டில் நின்ற கார் பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அடித்தது!

"என்னங்க, கார் நின்னுடுச்சு."

"ஐயையோ! மேட்டு ரோட்லயா?"

"நான் இன்னும் இடமே சொல்லலியே?"

"அது... ஒரு யூகம். கல்லு வெச்சியா?"

"வெச்சாச்சு. சீக்கிரம் வாங்க."

பறந்தேன். அதாவது, அந்த வண்டி எவ்வளவு பறக்குமோ அவ்வளவு. பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து கார் சாய்ந்து நின்றது. பின்னால் ஹார்ன் மழை. மனைவி பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர்.

"உதவிக்கு நின்னார்," என்றாள்.

அவருக்கும் ஓடைச் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே கொக்கியை மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன். சங்கிலி முனகியது. காரின் மூக்கு ஒரு சாண் எழுந்தது. திடீரென்று 'டக்'! ஒரு பல் நழுவியது. கார் சரிந்து கல்லை நசுக்கியது. ஹார்ன்கள்கூட வாயை மூடிக்கொண்டன. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். கண்ணை மூடினேன். அடுத்த பல் பிடித்தது. நின்றது!

மூச்சு வந்ததும் மார்பை நிமிர்த்தினேன். "இப்ப சொல்லு. உதவிச்சா இல்லையா?"

"உதவிச்சுது."

தொப்பிக்காரர் சங்கிலியைத் தட்டிப் பார்த்தார். "எனக்குத் திருப்திம்மா. மேட்டுலயே தாங்குது. எடுத்துக்கறேன்."

"எதை?" என்றேன்.

"இவர் பழைய வண்டி வாங்கறவருங்க," என்றாள் மனைவி. "தூக்கிக் காட்டினாத்தான் வாங்குவேன்னார். நீங்க ஷெட்டை விட்டு வெளிய எடுத்தாத்தானே?"

"உதவினா விக்க மாட்டேன்னு சொன்னியே!"

"கார் தானா நின்னிருந்தா அந்தப் பேச்சு. குளிக்கிற ரூமுக்கும் ஜன்னல் இருக்குங்க. நீங்க கன்னம் ஒட்ட உறிஞ்சும்போதே இவருக்குப் போன் போட்டுட்டேன்."

சாவியைத் தொப்பிக்காரரிடம் கொடுத்தேன்.

டோயிங் வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். தொப்பிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் என் மனைவி. மூக்கு தூக்கிய காருக்குள், வானத்தைப் பார்த்தபடி நான்.

வண்டி நகர்ந்ததும் அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்:

"என்னங்க, பிரேக்கை மிதிக்காம வாங்க. அவருக்கு இழுக்கக் கஷ்டமா இருக்காம்!"