மூன்றாம் நாள் பிடித்த கழுத்து

"இஞ்சாருங்கோ, எத்தினை தரம் கூப்பிடுறது? திரும்பிப் பாக்காமல் நிக்கிறியள்."

குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு சிவயோகம் நின்றாள். முற்றத்தில் நின்ற சண்முகரத்தினம் திரும்பினார். தலை மட்டும் திரும்பவில்லை. துறையில் வள்ளம் திருப்புகிற மாதிரி முழு உடம்பையும் ஒரு பெரிய வட்டம் எடுத்துக் கொண்டுவந்துதான் மனைவிக்கு முன்னால் நிறுத்தினார்.

"என்ன, கழுத்தே?"

"ஒண்டுமில்லை."

வினையெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது. மூன்று நாளைக்கு முன்னர் நெடுந்தீவின் நடு ரோட்டில் நின்று அதே சொல்லை அவர் ஒன்பது தரம் சொல்லியிருந்தார்.

நெடுந்தீவு ரோட்டில் ஒரு வாகனத்தைக் கண்டுவிட்டு அடுத்ததைக் காண்பதற்குள் சவரம் செய்த முகத்தில் தாடி வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறுமையாய்க் கிடந்த ரோட்டில், இரண்டு வாகனங்கள் தேடிப்பிடித்து மோதிக்கொண்டன. முன்னால் போனது தனுஜனின் ஓட்டோ. அதன் பின்சீற்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர் சண்முகரத்தினம். ரோட்டுக்கு நடுவே, கேட்பாரில்லாமல் திரிகிற ஒரு கட்டாக்காலிக் குதிரை எந்தப் பக்கம் போவதென்று யோசித்துக்கொண்டு நின்றது. தனுஜன் பிரேக் அடித்தான். சீமெந்தும் மாமூட்டையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த மார்க்கண்டுவின் குட்டி லொறி இரண்டு முழம் பிந்தி பிரேக் அடித்தது.

இடித்த வேகத்தைச் சொன்னால் ஆமை சிரிக்கும். ஓட்டோவுக்குப் பின்னால் ஒரு சின்ன நெளிவு. சண்முகரத்தினத்தின் தலை ஒருதரம் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. குதிரை யோசித்து முடித்துவிட்டுப் போய்விட்டது.

மார்க்கண்டு லொறியிலிருந்து குதித்து ஓடிவந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மச்சான், அடிகிடி பட்டதோ?"

"ஒண்டுமில்லை."

"வா, ஆசுப்பத்திரியில ஒருக்காக் காட்டுவம்."

"ஒண்டுமில்லையெண்டுறன். போய் மாவை இறக்கு."

இப்போது மூன்றாம் நாள் காலை கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. மார்க்கண்டுவிடம் சொல்லச் சொன்னாள் சிவயோகம். சண்முகரத்தினம் கேட்கவில்லை. அவரும் மார்க்கண்டுவும் நாற்பது வருடமாக வாசிகசாலையில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிற சோடி. எதிரெதிரே இருந்து கடுதாசி பிடித்தார்களென்றால், மார்க்கண்டு ஒரு புருவத்தை அசைத்ததும் அவர் கையில் என்ன துரும்பு என்று சண்முகரத்தினத்துக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களோடு விளையாட மறுத்து இரண்டு பேர் கொழும்புக்கே குடிபெயர்ந்துவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு.

"சொன்னால் அவன் நாலு நாளைக்குச் சாப்பிடமாட்டான். தன்பாட்டில மாறும்," என்றார்.

தன்பாட்டில் மாறவில்லை. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம் போனார். பரியாரியாருக்கு வயது எழுபத்தெட்டு, கைகளுக்கு மட்டும் இருபத்தெட்டு. நல்லெண்ணெயைச் சூடாக்கி ஊற்றி, தலையை இரண்டு கையாலும் பிடித்து, போத்தல் மூடி திறக்கிற மாதிரி ஒரு திருகு திருகினார். அந்தச் சத்தம் நயினாதீவில் பூசைக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப எப்பிடி?"

இப்போது தலை இடப்பக்கம் சாய்ந்துபோய், அங்கேயே காணி வாங்கிக் குடியிருக்கத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மார்க்கண்டு படலையடியில் நின்று லொறி கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீடு ரோட்டுக்கு வலப்பக்கம்.

"மச்சான், எங்கால வாறாய்?"

சண்முகரத்தினத்தால் வலப்பக்கம் பார்க்க ஏலாது. உடம்போடு திரும்பினால் கழுத்துச் சங்கதி வெளிச்சமாகிவிடும். ஆகவே இடப்பக்கத்து முருகைக்கல் மதிலை மிகுந்த அக்கறையோடு பார்த்தபடி, பதில் சொல்லாமல் நடந்துபோனார். தீவில் ஒருவரை வெட்டினால்கூட ஒரு காலம் மறப்பார்கள். "எங்கால" என்று கேட்டவருக்கு முகம் குடுக்காமல் போனால் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசமாட்டார்கள். பொழுதுபடுவதற்குள் சண்முகரத்தினத்தார் மார்க்கண்டரோடு கோபமாம் என்ற செய்தி தீவைச் சுற்றி வந்து, சிவயோகத்தின் கிணற்றடியில் இளைப்பாறியது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போனார். ஒரு மணித்தியாலம் வள்ளம். ஒவ்வொரு அலையும் அவருடைய கழுத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. டொக்டர் நிலாந்தினி அவரை உட்காரவைத்துத் தொட்டுப் பார்த்தார்.

"பின்னால இருந்து வாகனம் இடிச்சதோ?"

"மெல்லமாத்தான் டொக்டர்."

"மெல்லமா இடிச்சாலும் காணும். உடம்பை முன்னுக்குத் தள்ளும், தலை பின்னுக்கு நிண்டிடும். பிறகு தலை முன்னுக்கு எறிபடும். சவுக்கைச் சொடுக்கின மாதிரி. உள்ளுக்க தசையும் நாரும் இழுபட்டிடும். அந்த நேரம் ஒண்டும் தெரியாது, ரெண்டு மூண்டு நாளிலதான் காட்டும். ஆரும் கையால திருகினவையோ?"

சண்முகரத்தினம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்தார்.

"படம் எடுத்தாலும் அனேகமா ஒண்டும் தெரியாது. ஆனா நோவு உண்மை. மெல்ல மெல்ல அசைச்சுப் பழகுங்கோ. இந்தக் கழுத்துப்பட்டி அஞ்சாறு நாளைக்கு மட்டும். கூடப் போட்டா கழுத்து இன்னும் இறுகும். இடிச்ச அண்டைக்கே காட்டியிருந்தா எல்லாம் எழுத்தில இருந்திருக்கும்."

பட்டியோடு இருந்த கணவனைச் சிவயோகம் படமெடுத்துக் கனடாவிலிருந்த மகன் ஆரூரனுக்கு அனுப்பினாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான். விடிந்ததும் போன் அடித்தது.

"அப்பா, அந்தப் பட்டியைக் கழட்டிப்போடாதேங்கோ. இஞ்ச ஒரு கழுத்தை வைச்சு வீடு வாங்கின ஆக்கள் இருக்கினம்."

"மார்க்கண்டுவிட்ட நான் காசு கேக்கிறதோ? விசர்க் கதை கதையாத."

"மாமாவிட்ட ஆர் கேக்கச் சொன்னது? லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே. கம்பனியிட்டக் கேளுங்கோ. மருந்துக் காசு, வள்ளக் காசு, எல்லாம் தருவாங்கள். மாமான்ர கையால ஒரு சதம் போகாது."

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் பட்டது. மார்க்கண்டுவுக்கும் தெரியத் தேவையில்லை. நோவும் மாறும், நட்பும் இருக்கும். கம்பனியில் பொலிஸ் முறைப்பாடு வேண்டுமென்றார்கள். போனார்.

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"மூண்டாம் நாள்தான் பிடிச்சது."

"இடிச்ச நேரம் என்ன சொன்னனீங்கள்?"

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டிய மனிதர். பொய் வரவில்லை.

"ஒண்டுமில்லையெண்டு சொன்னனான்."

பொலிஸ்காரர் பேனையை மூடிவைத்தார்.

ஆரூரன் போனில் பெருமூச்சு விட்டான். "அப்பிடியெண்டா உங்கட பக்கம் பலமில்லை அப்பா. கொஞ்சம் உப்புப் புளி போடவேணும். மாமா குடிச்சிருந்தவர் போல எண்டு எழுதுங்கோ."

"அவன் தேத்தண்ணிக்குச் சீனியே போடாதவனடா."

"போல எண்டுதானே எழுதச் சொல்லுறன். கம்பனி பயந்துபோய்ச் சுறுக்கெண்டு காசைத் தந்திடும். மாமாவுக்கு ஒண்டும் நடக்காது."

சண்முகரத்தினம் எழுதினார். முத்து முத்தான தபாலதிபர் எழுத்து. 'சாரதி மதுபோதையில் இருந்தவர் போலத் தோன்றியது.' மனச்சாட்சிக்காகப் 'போல'வை மட்டும் மற்றச் சொற்களைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினார். ஒரு பிரதி கம்பனிக்கு, ஒரு பிரதி பொலிசுக்கு.

அந்தப் பெரிய 'போல' யார் கண்ணிலும் படவில்லை. நான்கே நாளில் பொலிசில் மார்க்கண்டுவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லொறி வளவுக்குள் படுத்துவிட்டது. ஊருக்குச் சீமெந்து இல்லை, சீனி இல்லை, கோழித்தீன் இல்லை. பசித்த கோழிகள் எல்லாம் சண்முகரத்தினத்தின் வேலிப் பக்கம் திரும்பி நின்றுதான் கத்தின.

மார்க்கண்டு மட்டும் ஒன்றும் பேசவில்லை. வாசிகசாலைக்கும் வரவில்லை. வேறு சோடியோடு அவர் விளையாடியிருந்தால்கூட சண்முகரத்தினம் தாங்கியிருப்பார். படலையில் வந்து நின்று நாலு தூசணம் பேசியிருந்தால் கதிரை போட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பார். அந்த மனிதன் கடைசியாக ஒருதரம் வந்து, கடுதாசிக் கட்டை வாசிகசாலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பையும் குடுத்துவிட்டுப் போய்விட்டான்.

கழுத்துப்பட்டி ஐந்து நாள் போய் ஐந்து கிழமையாகியும் கழலவில்லை. கம்பனிக்காரர் ஒளித்து நின்று படமெடுப்பார்கள் என்று ஆரூரன் சொல்லியிருந்தான். டொக்டர் சொன்னபடியே கழுத்து இன்னும் இறுகியது. சோறு தின்னக் கோப்பையைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டியிருந்தது. தின்றாலும் ருசிக்கவில்லை.

"ஆரூரன் சொன்னவன், ஆரூரன் சொன்னவன் எண்டு எத்தினை நாளைக்குச் சொல்லப் போறியள்?" என்றாள் சிவயோகம் ஒருநாள், அரிக்கன்சட்டியில் அரிசியை அரித்தபடி. "கடிதத்தில இருக்கிறது உங்கட கையெழுத்து."

அடுத்த நாள் காலை பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் வள்ளத்துக்குப் போனார். கம்பனிக்குப் போய் எழுதிக் குடுத்த எல்லாவற்றையும் திருப்பி வாங்குவது. பிறகு நேரே மார்க்கண்டுவின் படலை. அவன் மூஞ்சியில் அறைந்தாலும் சரி.

வள்ளத்துக்குள் இறங்கினால், நடு வாங்குப் பலகையில் மார்க்கண்டு. மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோவை, அதற்குள் கடதாசிகள். சண்முகரத்தினத்தைக் கண்டார். ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோய், அலை அடிக்கிற முன்புறத்து அணியப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வேறு இடமில்லை. ஆட்டம் குறைந்த அந்த நடு வாங்கில், மார்க்கண்டு விட்டுப்போன இடத்தில், சண்முகரத்தினம் இருந்தார்.

"பாத்தியளே, பக்கத்தில இருக்கவும் பிடிக்கேல்லை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லோயரிட்டத்தான் போறான் போல, என்று நினைத்தார் சண்முகரத்தினம். போகட்டும். வழக்குப் போடட்டும். ஒரு மணித்தியாலமும் மார்க்கண்டுவின் பிடரியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுப் பழகினார். "மச்சான், நான் ஒரு..." என்று தொடங்குவார், எஞ்சின் சத்தம் மிச்சத்தைத் தின்றுவிடும். தண்ணீர் தெறித்து மார்க்கண்டுவின் சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கோவையை மட்டும் நனையவிடாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

குறிகட்டுவான் துறையில் இறங்கியதும் மார்க்கண்டு விறுவிறென்று நடந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். கழுத்தோடு ஓட முடியாத சண்முகரத்தினத்துக்கு அடுத்த பஸ்தான் கிடைத்தது.

கம்பனியில் துஷானி என்ற பிள்ளை மேசையில் இருந்தாள். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி எழுதிய கடிதத்தை அவளிடம் நீட்டினார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் கோணல் எழுத்து.

துஷானி இரண்டு தரம் வாசித்தாள். "அப்ப முதல் எழுதினது பொய்யோ, ஐயா?"

"ஓம் பிள்ளை. அவன் குடிக்கிறேல்லை. குதிரை நிண்டது, ஓட்டோ நிண்டது, அவன் கொஞ்சம் பிந்திப்போனான். அவ்வளவுதான்."

"குடிச்சிட்டு ஓடினவர் எண்டு வந்தா எங்கட கம்பனி ஒரு சதமும் தராது. முழுக்க வாகனக்காரர்தான் தன்ர கையால கட்டவேணும். ஆர் உங்களுக்கு இப்பிடி எழுதச் சொல்லித் தந்தது?"

சண்முகரத்தினத்துக்குக் காது சுட்டது. ஒரு சதம் போகாது என்ற மகனின் குரல் கனடாவிலிருந்து வந்து அந்த மேசையில் குந்தியது.

"எழுதினது நான்தான். எனக்குக் காசு வேண்டாம் பிள்ளை. அவனுக்கு லைசன்ஸ் திரும்பிக் கிடைச்சால் காணும். பொலிசிலயும் போய்ச் சொல்லுறன். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போடும்."

துஷானி கிழிக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு கோவையைத் திறந்து, ஓரம் ஈரமான ஒரு கடதாசியை எடுத்து, அவருடைய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு அரை மணித்தியாலம் முந்தி வந்திருக்கக் கூடாதே, ஐயா? மார்க்கண்டு எண்டவர் இப்பத்தான் வந்து, நீங்கள் எழுதினது முழுக்கச் சரி, தான் குடிச்சிட்டுத்தான் ஓடினது, உங்கட கழுத்துக்கு எவ்வளவு குடுக்கேலுமோ அவ்வளவையும் குடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டுப் போறார்."