லூர்துநாதன் கட்டிய வெயில்

சூரியனுக்கு மேற்பார்வை போதவில்லை என்பதுதான் உலகத்தின் அடிப்படைக் கோளாறு என்று முதலியார்பேட்டை லூர்துநாதன் நம்பினார். சேதராப்பட்டு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக சூப்பர்வைசர். அவர் சொன்னால் விஷயம் இருக்கும்.

"கண்ட எடத்துல அடிச்சு வீணாப் போவுது வெயிலு. நான் அத வீட்டுக்குள்ள கொண்டாந்து வேலை வாங்கிக் காட்டுறேன்."

வேலை வாங்கியே ஆகவேண்டிய நிலைமை. மனைவி சகாயசெல்விக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. வாக்கர் இல்லாமல் நடை இல்லை.

"எலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "மாத்திரையோட தினம் அரை மணி நேரம் வெயில்ல இருங்க. மூணு மாசத்துல ரத்தத்துல வைட்டமின் டி ஏறலன்னா ஆபரேஷன் கிடையாது. அப்புறம் படுத்த படுக்கைதான்."

"தெருமுனையில ராஜாங்கம் அண்ணன் கூட சேர் போட்டு உக்காந்துக்கறேங்க," என்றாள் செல்வி.

மில் மூடிய நாளிலிருந்து ராஜாங்கம் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு அங்கே காய்பவர்.

"கரையேறிக் காயறதுக்கு நீ என்னா முதலையா? வீட்டுக்குள்ளயே வெயில் வரும், இரு."

முன்வாசலில் கண்ணாடி அறை எழுந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ராஜாங்கம் வந்து ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். கிண்டல் வந்தால் அவருக்கு லூர்துநாதன் பிரெஞ்சுத் துரை மாதிரி 'முசியே' ஆகிவிடுவார்.

"மீனெல்லாம் எப்ப வருது முசியே?"

முதல் நாள் செல்வி பத்தே நிமிடத்தில் மயங்கி விழுந்தாள். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார். வெளிச்சம் போனது, சூடு போகவில்லை. ஏசி மாட்டினார். சூடு போனது, குளிர் வந்தது. வெள்ளைப் போர்வை வாங்கினார். போர்த்திக்கொண்டு உட்கார முடியவில்லை என்றதும் கட்டில் போட்டார். படுத்திருப்பவளை ஊரே எட்டிப் பார்த்தது. வெள்ளைத் திரை தொங்கவிட்டார். இருட்டில் பயமாக இருக்கிறது என்றாள். தலைமாட்டில் மாதா படமும் மெழுகுவத்தி பல்பும் வைத்தார்.

கடைசியாக, தான் இல்லாதபோது வெயில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா.

தினமும் பத்தரைக்குத் தொழிற்சாலையில் போனைத் திறப்பார். போர்வை அசையாமல் கிடக்கும்.

"வெயிலு பட்டதும் என்னாமா தூங்குறா பாரு," என்று தன் கீழ் வேலை பார்க்கும் முகிலனிடம் காட்டுவார்.

முகிலன் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, மூச்சு..." என்று ஆரம்பித்தான். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எழுபதாவது நாள், அன்று விடுப்பில் இருந்த தொழிற்சாலை ஆள் கோவிந்தசாமி போன் செய்தான்.

"ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே. இந்தப் பக்கமா வந்தவன் திரை இடுக்குல பாத்து ஆடிப்போயிட்டேன். இவ்ளோ பெரிய ஐஸ் பெட்டி நான் எங்கயும் பாத்ததில்ல. மாலை வாங்கியாந்து போட்டுட்டேன். வீட்டுல யாரையும் காணோம். எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

"என்னத்தடா எடுக்கறது?"

கோவிந்தசாமி அழ ஆரம்பித்தான்.

லூர்துநாதன் கேமராவைத் திறந்தார். போர்வை அசையவில்லை. மேலே ரோஜா மாலை.

பைக்கில் எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ஏசி, வெள்ளைத் திரை, வெள்ளைப் போர்வை, மெழுகுவத்தி என்று வழியெல்லாம் மனசு கணக்கெடுத்தது. சாவு வீட்டுக்கு அவர் வாங்காமல் விட்டது மாலை ஒன்றைத்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டில்மேல் விழுந்தார்.

"செல்வீ! ஒனக்கு நானே பெட்டி கட்டிட்டேனே!"

கட்டிப்பிடித்த உடம்பு மெத்தென்று அமுங்கியது. போர்வையை விலக்கினார். இரண்டு தலையணை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பரங்கிக்காய்.

"ஏங்க, யாருங்க செத்தது?"

வாசலில் வாக்கரைப் பிடித்தபடி சகாயசெல்வி. முகம் கறுத்து, வியர்த்து, முழு உயிரோடு. பின்னால் ராஜாங்கம்.

செல்வி மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனை. ஒன்பதாக இருந்த வைட்டமின் முப்பத்தொன்று.

"டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க."

"பாத்தியா! என் ரூமு..." என்று ஆரம்பித்தார். பரங்கிக்காய் கண்ணில் பட்டது. நிறுத்திவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் பத்து நிமிட வெயில் பாக்கி என்று செல்வி வாக்கரைத் தெருமுனைக்குத் திருப்பினாள். அவர் பின்னாலேயே போனார். காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

ராஜாங்கம் அவர் காதருகே குனிந்தார்.

"கண்ணாடி வழியா வர்ற வெயிலு எலும்புக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா மொத வாரமே சொல்லிட்டாங்க முசியே. 'ஆசையாக் கட்டியிருக்காரு, யாரும் சொல்லிடாதீங்க'ன்னு தங்கச்சி தெரு பூரா சத்தியம் வாங்கிடுச்சு. கேமரா நேரத்துக்குத் தலகாணி அடுக்க வீட்டுக்கு ஒரு நாள் மொற. இன்னிக்கு எங்க வீட்டு மொற, தலகாணி பத்தல, அதான் பரங்கிக்கா."