குளிக்காத பிள்ளையார்

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பிள்ளையார் ஒருவர் பூமியைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார் என்று சேதி கிளம்பியதுதான் தாமதம், புதுச்சேரி, கோட்டக்குப்பம், கீழ்புத்துப்பட்டு என்று ஊர் ஊராக ஷேர் ஆட்டோக்கள் பக்தர்களைக் கொண்டுவந்து கொட்டின. வந்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை கிடையாது, தொந்தி கிடையாது. முழங்கால் உயரக் கருங்கல். அதன் நெற்றியில் 'உ' என்று ஓர் எழுத்து. சுழி இருந்தால் பிள்ளையாரும் இருந்துதானே ஆக வேண்டும் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உண்மையில் பூமியைப் பிளந்தது அமுதவல்லியின் கடப்பாரை. டிசம்பரில் வந்த சுனாமி அவளுடைய இட்லிக் கடையை அடுப்போடு வாரிக்கொண்டு போயிருந்தது. 2005 பிப்ரவரியில் அதே இடத்தில், பழைய உப்புவண்டிப் பாதையின் ஓரத்தில், கொட்டகைக்குக் கால் நடக் குழி தோண்டினாள். 'ணங்' என்றது. மண்ணுக்குள் கல்லின் உச்சி தெரிந்தது. அதில் 'உ' தெரிந்தது.

அன்று சாயங்காலமே சுழிச்சித்தர் என்று ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். வெல்லம் இருக்கிறதென்று ஈக்கு யார் தந்தி அடிக்கிறார்கள்? கல்லைச் சுற்றித் திரை கட்டினார். தாமே உள்ளே இருந்து தோண்டினார். மறுநாள் திரை விலகியபோது கல் முழுக்கச் சந்தனக்காப்பு. 'உ' மட்டும் வெளியே. இந்தப் பிள்ளையாருக்கு அபிஷேகமே கூடாதாம். தண்ணீர் பட்டால் உக்கிரமாகிவிடுவாராம். கடலோரத்தில் குடிவந்துவிட்டுக் குளிக்கப் பயப்படுகிற பிள்ளையாரை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

மார்ச் கடைசியில் மறுபடி அலை வருகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். குப்பமே பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அலை வரவில்லை. விடிந்ததும் சித்தர், பிள்ளையார்தான் தும்பிக்கையை நீட்டித் தடுத்தார் என்று அறிவித்தார். இல்லாத தும்பிக்கைக்கு எவ்வளவு நீளம் பாருங்கள்! அதன் பிறகு உண்டியல் ஒன்று போதவில்லை.

ஒரே ஓர் ஆளுக்குத்தான் சந்தேகம் வந்தது. அருக்காணிக்கு. டிசம்பர் அலையில் மகனைப் பறிகொடுத்தவள். இப்போது தடுத்த சாமி அப்போது ஏன் தடுக்கவில்லை என்று கேட்டாள். சித்தர் கண்ணை மூடித் திறந்தார்.

"எப்படிம்மா எழுந்திருப்பாரு? அவரு தலமேலதான் இவ அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சே" என்று அமுதவல்லியைக் காட்டினார்.

தீர்ந்தது. அன்றிலிருந்து, கல்லுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டிருந்த அவள் கடை இட்லியை நாய்கூட மோப்பம் பிடிக்கவில்லை. அருக்காணி தினமும் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். ஊர்ப் பெரியவர் சுப்ராயன் பஞ்சாயத்தைக் கூட்டி, வெள்ளிக்கிழமை கடையைப் பிரித்துவிட்டு அமுதவல்லி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அத்தனை சாவுக்கும் நம் அடுப்புதான் காரணமோ என்று அந்தப் பெண்ணே நம்பத் தொடங்கினாள் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் கை வைத்தபோது, பஸ்ஸுக்கு நின்றிருந்த கீதாஞ்சலி டீச்சர் குறுக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர்.

"இது பிள்ளையார் சுழி இல்லீங்க. தமிழ் எண்ணுல ரெண்டு. இது பழைய மைல்கல்லு" என்றார்.

கூட்டம் சிரித்தது. சித்தர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. இதே பாதையில் மரக்காணத்தைப் பார்த்து ஒரு மைல் போனால் என்ன இருக்கும் என்று சித்தரையே கேட்டார்.

"ஒண்ணும் இருக்காது. பிள்ளையாரு பிரம்மச்சாரி, தனியாத்தான் இருப்பாரு."

"கல்லு இருக்கும்னு நான் சொல்றேன். அதுல 'க'ன்னு போட்டிருக்கும். தமிழ்ல அது ஒண்ணு. இல்லாட்டி இந்தக் கடைய நானே பிரிச்சுத் தர்றேன்."

இதில் மறுக்க என்ன இருக்கிறது? குப்பத்துப் பையன் ஜெயப்பிரகாஷின் மொபெட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முன்னால் போக, ஊர் பின்னால் நடந்தது. சித்தர் சாமிக்குக் காவல் என்று தங்கிவிட்டார். வண்டி மைல் கணக்குக்கு நின்ற இடத்தில் ஒரே வேலிக்காத்தான் புதர். அதைப் பார்த்ததும் ஆம்பளைகள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏனென்றால் பொழுது சாய்ந்தால் அவர்கள் பாட்டிலும் கையுமாகக் கூடுகிற இடமே அதுதான். புதருக்குள் இருந்த கல்லை உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாக்கிய பெருமை பெரும்பாலும் சுப்ராயனைச் சேரும்.

அருக்காணி முள்ளை விலக்கிப் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டினாள். 'க' என்று தெரிந்தது. அப்போதும் ஒருவர், 'க' என்றால் கணபதியாக இருக்கலாமே என்று கையைக் கூப்பினார். அவள் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். மரக்காணம், மைல் ஒன்று என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வெட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வண்டிகளுக்காக நட்ட கல் என்றார் டீச்சர். இவர்களுடைய பாட்டன்மார் மாட்டோடு மாடாக வண்டி இழுத்துத் தேய்ந்த பாதை அது. அதைச் சொல்ல மிச்சமிருந்த இரண்டு கல்லில் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்கள், மற்றதை விழுந்து கும்பிட்டார்கள். படிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது சித்தர் பையும் கையுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். காஞ்சிபுரத்தில் யாகமாம். சுப்ராயன் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து கல் முன்னால் நிறுத்தினார். அருக்காணி கடையிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து கல்லின் மேல் கவிழ்த்தாள். சந்தனம் வழிந்தது. சாமி உக்கிரமாகவில்லை. சந்தனத்துக்கு அடியில், எழுத்து வெட்டிய பள்ளங்களில் வெள்ளை சிமென்ட் அடைத்திருந்தது. கத்தியால் நெம்ப நெம்ப, மரக்காணம், மைல் இரண்டு என்பது ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது.

"எம்புள்ள போனதுக்கு இவ அடுப்புதான் காரணம்னு சொன்னியே. அது இதுல எங்கய்யா எழுதியிருக்குது?" என்று அருக்காணி கேட்டாள்.

சித்தர் பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். உண்டியலைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் போலீசில் விட்டார்கள். அருக்காணி கடை பெஞ்சில் உட்கார்ந்து அமுதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அமுதவல்லியும் அழுதாள். மறுநாள் காலையில் அடுப்பு எரிந்தது, உப்பளத்துக்குப் போகிறவர்கள் சாப்பிட வந்தார்கள்.

கதை இதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். போன வாரம் தெற்கே அடுத்த குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர்கள் பக்கமும் ஒரு கல் கிடைத்திருக்கிறதாம். அதில் பாம்பு படமெடுத்த மாதிரி ஏதோ வளைந்திருக்கிறதாம். நாகாத்தம்மன்தான் என்று யாரோ ஒரு சாமியார் சந்தனம் அரைக்கவே ஆரம்பித்துவிட்டாராம். அவரிடம் சொன்னேன்: ஐயா, அது 'ங' போல வளைகிற தமிழ் எண்ணாக இருக்கும்; சந்தனம் பூசுவதற்குள் ஓடிப்போய் அதை மூன்று என்று படித்துவிடுங்கள். சாமியாருக்கு எழுத்துத் தெரியும். நீங்களும் படித்துவிடுவீர்களோ என்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே பயம்.