மூன்று விருந்துச் சீட்டு

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு தோற்றுக்கொண்டிருந்தது. சீட்டாட்டத்தில். இருபது உயிரில் பத்தொன்பது போயாச்சு, மிச்சம் ஒன்று. எதிரே உட்கார்ந்திருந்த குரங்குக்கு இருபதும் அப்படியே இருந்தது.

தோற்றால் பொந்து போய்விடும். தேவாங்கு பிறந்தது, பகலெல்லாம் தூங்குவது எல்லாம் அந்தப் பொந்தில்தான். கெட்ட நேரம், காட்டிலேயே செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான். பொந்து தனக்கு வேண்டும் என்று குரங்கு மனுப் போட்டது. தேவாங்கும் போட்டது. வன அலுவலகத்துக் கிளார்க் வெள்ளாடு இரண்டு மனுவையும் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டு, "ஆதாரம் ஒண்ணும் இல்லை. சீட்டாடித் தீர்த்துக்கோங்க" என்றது.

ஆளுக்கு நாற்பது சீட்டு, அவரவர் சேர்த்த கட்டு. குரங்கின் கட்டு முழுக்கப் புலி, சிறுத்தை, மதயானை. அதில் இன்னும் முப்பது சீட்டு பாக்கி. தேவாங்கின் கையில் மூன்றே மூன்று. மூன்றும் 'விருந்து'. விருந்தை இறக்கினால் எதிராளி, விரும்பினால், தன் கட்டிலிருந்து பத்துச் சீட்டு சும்மா எடுத்துக்கொள்ளலாம். ஒரே முறையில் எத்தனை விருந்தும் வைக்கலாம்.

"எதிரிக்குச் சோறு போடுற சீட்டை எவனாவது வெச்சிருப்பானா?" பின்னால் நின்ற அணில் தலையில் அடித்துக்கொண்டது. "தூக்கிப் போட்டுட்டு மூணு கரடி வைன்னு நேத்தே சொன்னேனே அண்ணே!"

"சொன்னே" என்றது தேவாங்கு.

"சீக்கிரம் போடுறா முட்டைக்கண்ணா, எனக்கு வீடு மாத்துற வேலை இருக்கு" என்றது குரங்கு.

வழக்கமாக இந்த இடத்தில் ஓர் ஆமை வந்து பொறுமையைப் பற்றி ஏதாவது சொல்லும். ஆமை வன அலுவலகத்து டோக்கன் வரிசையில் நின்றது. வரவில்லை.

தேவாங்கு முதல் விருந்தை இறக்கியது. குரங்கு பத்தையும் வாரியது. கை நிறைந்தது. இரண்டாவது விருந்து. காலிலும் வாலிலும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது.

"இன்னுமா! தர்மப்பிரபு!" என்று சொல்லிக் கடைசிப் பத்தையும் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டது. சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல எந்தக் குரங்குக்கும் வராது.

"உங்க முறை. ஒரு சீட்டு எடுத்துட்டு அடிங்க" என்றது தேவாங்கு.

குரங்கு கட்டைத் தடவியது. தரைதான் இருந்தது.

விதிப்பலகையில் மொத்தம் பதினேழு விதி. பதினேழாவது: தன் முறையில் எடுக்கச் சீட்டு இல்லாதவர் தோற்றவர். குரங்கு மூன்றாவது விதியிலேயே வேறு மரத்துக்குத் தாவியிருந்தது. தேவாங்கு ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரி வரை போயிருந்தது.

"ம்ம்மும்!" என்று கத்தியது குரங்கு. கன்னத்தில் மதயானை.

வெள்ளாடு தேவாங்கிடம் நான்கு தாளை நீட்டியது. "பொந்து உரிமைப் படிவம், நாலு பிரதி. பிறந்த தேதி, வால் நீளம் எல்லாம் நிரப்பி இன்னைக்கே குடுக்கணும். இல்லன்னா ஜெயிச்சது செல்லாது."

"எனக்கு வாலே கிடையாதே சார்."

"அப்போ வால் இல்லைன்னு சான்றிதழ் வாங்கிட்டு வா."

தேவாங்கு படிவத்தைப் பார்த்தது. ஆட்டின் வாயைப் பார்த்தது.

"சார், மதியம் சாப்பிட்டீங்களா?"

ஐந்து நிமிஷத்தில் பதிவேட்டில் 'பெறப்பட்டது' என்று முத்திரை விழுந்தது.

நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். தேவாங்கு கொடுத்தது. நிரப்பவில்லை.

நீதி: தோற்கப்போகிறவன் விருந்து வைக்க வேண்டும். மற்றதைத் தின்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.