காசிமேட்டு மைக்குப் போர்

கிட்ட வாங்க கண்ணுங்களா, காலை மடக்கி நல்லா உட்காருங்க. யானை இல்லை, குதிரை இல்லை, சொட்டு ரத்தமும் இல்லை. ஆனாலும் ஒரு பெரும்போரின் கதையைச் சொல்லப் போகிறேன்.

வாழ்க ஜெரினா! காசிமேட்டு ஏலத்தில் நானூறு பேர் கூச்சலைக் கிழித்துக்கொண்டு வஞ்சிரத்தின் விலையை நடுக்கடல் விசைப்படகுக்கும் கேட்கச் சொல்லும் வெண்கல மிடற்றினாள் வாழ்க! மீன்கூடையின் பாரத்துக்கும் கழுத்து வளையாத காரிகை, கடலோரப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஒன்பதாண்டு கடைசி வரிசை காத்த கற்பாறை, வாழ்க, வாழ்க!

கடைசி வரிசை ஏன் என்கிறீர்களா? அந்தக் குரல் பக்கத்தில் நின்றால் மற்ற குரலெல்லாம் செத்துப் போகும் என்று தீர்ப்பு எழுதியவர் குழுத்தலைவர் தவசிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர்; வத்தல் மிளகாய் வேந்தர்; குழுவில் இருந்த ஒரே மைக்குக்குப் பதினேழாண்டு தனிப்பெருஞ் சக்கரவர்த்தி. மூக்கால்தான் பாடுவார். அதையும் அந்த மைக்கு கோபுரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மைக்குக்கு ஏது மனசாட்சி?

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுத் திருவிழா வந்தது. பூசையைத் திருவொற்றியூர் வரைக்கும் கேபிளில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்றதும் ஜெரினாவின் நெஞ்சில் முரசு அதிர்ந்தது. திருவொற்றியூரில்தானே அவள் நாத்தனார் இருக்கிறாள்! பிள்ளைக்கு முதல்முறை நற்கருணை கொடுத்த ஒரு புதுநன்மை விருந்தில், பந்தி முழுக்கக் கேட்க, “அண்ணி கொயர்ல பாடுதாம்பா! வாயை மட்டும் அசைச்சா போதும்னு சேத்துகினாங்க போல” என்று அம்பு எய்தவள் அவள். அந்த அம்பைப் பிடுங்க ஒரே மருந்து, மைக்கு.

ஏ மைக்கே! கருந்தலைக் குறுமணியே, வெள்ளிக்கால் வேந்தே, உமிழ்நீர் பட்டு உப்புப் பூத்த ஒலிக்கலமே, உனக்காக நடந்ததைக் கேள்!

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பூசையில் நன்மை, அதாவது ஆண்டவரின் திருவுடலாகிய அப்பம், கொடுக்கையில் பாடும் பாட்டின் நடுவே பாடகர்கள் ஒவ்வொருவராகப் போய் நன்மை வாங்கி வருவார்கள். போனவர் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் நகர்ந்துகொள்வார். தலைவரும் போகத்தானே வேண்டும்? அந்த ஒரு கணத்தை எண்ணி, கொக்கு மீனுக்குக் காத்திருப்பதுபோல, பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மல்லிகை தோள் புரள, தவசிமுத்துவின் இடது தோளுக்குப் பின்னே வந்து பதுங்கினாள் நம் வீராங்கனை.

பாட்டு எழுந்தது. வரிசை நகர்ந்தது. முதல் சரணத்தில் ஆர்மோனியக்காரர் போய் வந்தார். இரண்டாம் சரணத்தில் தாய்மார் போய் வந்தனர். தவசிமுத்து அசையவில்லை, முதுகில் மூச்சுக்காற்று பட்டதுமே அவருக்குச் சூது விளங்கிவிட்டது. மைக்குக் கம்பத்தை வலக்கையால் பற்றினார். ஜெரினா இடக்கையால் பற்றினாள்.

“நீங்க போயிட்டு வாங்கம்மா. மைக்கை நான் பாத்துக்கிடுதேன்.”

“நீ போய்ட்டு வா அண்ணாத்த. மைக்கு இன்னா சைக்கிளா, எவனாவது தள்ளிகினு போறதுக்கு?”

அவ்வளவே வாய்ப்போர். பிறகு வேதத்தில் வரும் எரிகோ மதிலைப் போல இருவரும் நின்றனர். மதிலாவது ஏழாம் நாள் விழுந்தது. ஐந்து சரணமும் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எதிரே ஆண்டவரின் திருவுடல் ஊருக்கெல்லாம் பகிரப்பட்டுக்கொண்டிருக்க, ஆண்டவரைப் பாடிக்கொண்டே ஆண்டவருக்கு முதுகு காட்டி, அவர்கள் இரண்டு பேரும் ஓர் இரும்புக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை கரைந்தது. மிச்ச நன்மையை உள்ளே வைத்துப் பூட்டச் சாமியார் பேழையை நோக்கித் திரும்பினார்.

அப்போதுதான் தவசிமுத்துவின் முகம் வெளுத்தது. திருவிழா நாளில், மனைவி மக்கள் முன்னே, நன்மை வாங்காத தலைவரா? ஏதோ பெரும்பாவம் செய்தவன்தான் வாங்காமல் நிற்பான் என்றல்லவா ஊர் பேசும்! கம்பத்தை விட்டார், வேட்டி படபடக்கப் பாய்ந்தார். பேழைக் கதவு ‘டக்’கென்று பூட்டியது.

நன்மை அவருக்கும் போயிற்று, அவளுக்கும் போயிற்று. ஆனால் மைக்கு கிடைத்ததே! கடைசிச் சரணத்தை எடுத்தாள் ஜெரினா. ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. புறாக்கள் கோபுரத்தைக் காலிசெய்தன. சாமியார் கையிலிருந்த துணி நழுவியது. உறங்கிய கிழவர்கள் உயிர்த்தெழுந்தனர். ஒன்பதாண்டுக் கடைசி வரிசை ஒரே மூச்சில் முன்வரிசையானது!

வெற்றித்திருமகள் வீடு சேர்ந்து, வாகை சூடிய கோலத்திலேயே, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“பாத்தேன் அண்ணி. பாட்டு நேரத்துல கேபிள்காரன் சவுண்டக் கட் பண்ணிட்டு கேசட்டு போட்டுட்டான், நன்மை வரிசையதான் காட்டிகினு இருந்தான். ஊரே வாங்குது, உன்னை மட்டும் காணோம், இன்னா பாவம் பண்ணே?”

நல்லா இருங்க கண்ணுங்களா, உங்க வூட்டுல யார் பாடினாலும் நாத்தனார் காதுல விழட்டும்.